கேப் போடாமல் விட்ட பல்

நான் பேசினால் வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் புரியும். வெளியாட்களுக்குப் பாதி புரியும். போனில் அநேகமாக யாருக்கும் புரியாது. அதனால்தான் எழுதுகிறேன். வாயில் ஒரு புண்ணை வைத்துக்கொண்டு, "பல்லுதானே, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரே ஒருவர் இதைப் படித்துவிட்டு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எனக்குப் போதும்.

என் பெயர் பகவதி. பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் நாலாம் வகுப்புக்கு நாள்கூலி டீச்சராக இருந்தேன். நாள்கூலி என்றால் வேலை செய்த நாளுக்கு மட்டும் சம்பளம். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக இன்டர்வியூ. நிரந்தர டீச்சர்களுக்குக் கிடைக்கிற மருத்துவச் சலுகை எதுவும் எங்களுக்குக் கிடையாது. என் வீட்டுக்காரர் மணிகண்டன் நெய்யாற்றின்கரையில் பைக் உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்கிறார். அவர் குடும்பத்தில் ஒரு காலத்தில் எல்லோரும் சர்க்கார் குமஸ்தாக்கள். அப்போது கட்டிய வீடு மட்டும் பெரிதாக நிற்கிறது. வீட்டின் அளவைப் பார்த்து எங்களுக்கு வசதியானவர்களுக்கான வெள்ளை ரேஷன் கார்டு கொடுத்தார்கள். அரசு இன்சூரன்ஸில் பெயர் சேரவில்லை. தனியாக ஒரு பாலிசி கொஞ்ச காலம் கட்டிப் பார்த்தோம். பல் வைத்தியம் அதில் சேராது என்று ஏஜென்ட் சொன்னார். பிறகு அதையும் விட்டுவிட்டோம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்கா சரஸ்வதி. நான் மைனி என்று கூப்பிடுவேன். புருஷன் இறந்த பிறகு எங்களோடு இருக்கிறார்.

முதலில் வந்தது சாதாரணப் பல்வலிதான். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல். நெய்யாற்றின்கரையில் ஒரு கிளினிக்கில் ரூட் கனால் செய்தார்கள். பல்லின் வேருக்குள் அழுகிப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்துவிடுவது. வலி நின்றது. "நரம்பு போன பல் காய்ந்த குச்சி மாதிரி. மேலே உறை மாதிரி ஒரு கேப் போட்டால்தான் நிற்கும்" என்று டாக்டர் சொன்னார். கேப்புக்கு இன்னொரு முறை அதே அளவு பணம் வேண்டும்.

"இந்த மாசம் களியட்டும் பகவதி. ஓணத்துக்கு போனஸ் கிடைச்ச பொறவு போடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

நானும் சரி என்றேன். வலி இல்லாத பல்லுக்கு எதற்கு அவசரம்? ஓணம் வந்தது. மைனிக்குக் கண் ஆபரேஷனும் வந்தது. கேப் அடுத்த வருஷத்துக்குப் போனது.

ஒருநாள் வறுத்த கடலை தின்னும்போது பல்லின் உள்பக்கம் உடைந்து விழுந்தது. கொஞ்சம்கூட நோகவில்லை. நரம்புதான் இல்லையே. உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி நின்றது. பேசும்போதெல்லாம் நாக்கின் ஓரம் அதில் உரசும். டீச்சர் வேலை, காலை முதல் சாயங்காலம் வரை பேச்சு. கொஞ்ச நாளில் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண்.

மெடிக்கல் ஸ்டோரில் ஜெல் கொடுத்தார்கள், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுத்தார்கள். மைனி மணத்தக்காளிக் கீரையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார். லீவு நாட்களில் புண் ஆறுவது மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் திறந்தால் மறுபடி வரும். அப்புறம் லீவிலும் ஆறவில்லை. புண்ணைச் சுற்றி ஒரு தடிப்பு வந்தது. இடது காது குத்த ஆரம்பித்தது. சாம்பார் பட்டால் கண்ணில் நீர் வரும். நான் சாம்பாரை நிறுத்தினேன்.

மைனிதான் ஒருநாள் சொன்னார். "மக்கா, பல்லு காலேஜில பிள்ளேளு படிக்கதுக்காக செய்யுமாக்கும். கூட பெரிய டாக்டர்மாரும் உண்டு. காசு ரொம்பக் கொறவு. போயி அந்த கேப்ப போட்டுட்டு வந்துரு. இப்பிடி கஞ்சியக் குடிச்சிட்டு எத்தன நாளு இருப்பே?"

குறைந்த செலவில் கேப் போடலாம் என்றுதான் போனேன். எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை.

பல் மருத்துவக் கல்லூரியின் ஹால் ரயில்வே வெயிட்டிங் ஹால் மாதிரி இருந்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மாணவி அல்லது மாணவன். டோக்கன் எடுத்துக் காத்திருந்து உள்ளே போனேன். எனக்கு வாய்த்தவள் ஆதிரா என்று ஒரு மலையாளப் பெண், படிப்பை முடிக்கப்போகிறவள். பல்லைப் பார்த்து, "இது கேப்புக்கு நிக்காது சேச்சி, உடைஞ்சது அதிகம்" என்றாள். பிறகு ஒரு துண்டுத் துணியால் என் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தாள். கையுறை போட்ட விரலால் புண்ணின் அடியை மெதுவாக அழுத்திப் பார்த்தாள். கழுத்தைத் தடவினாள். பிறகு போய்ப் பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவரும் அழுத்தினார். அவரும் கழுத்தைத் தடவினார்.

"எத்ர நாளாயி இது?"

"ஆறு ஏழு மாசம் இருக்கும் சார்."

அவர் ஆதிராவைப் பார்த்தார். அவள் ஒரு சின்னக் கருவியை எடுத்து அந்தப் பல்லின் கூர்மையை ராவிவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். இதற்குக் காசு கிடையாது என்றாள். எந்த அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போனாலும் இதைச் செய்துவிடுவார்களாம்.

அதைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். கேப் போடக் காசு இல்லையென்றால் போடாமல் இருக்கலாம். பல்லையே பிடுங்கிவிடலாம், தாலுக்கா ஆஸ்பத்திரியில் அதற்கு ஓ.பி. சீட்டுக் காசுதான். கூர்மையை மட்டுமாவது ராவிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் வழி உண்டு என்று எங்களுக்குத் தெரியாது. பல் டாக்டர் என்றாலே ரூட் கனால், கேப், பெரிய பில் என்றுதான் நினைத்திருந்தோம். ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் வாயில் இருந்தால் யாரிடமாவது காட்ட வேண்டும் என்பதும் ஆதிரா சொல்லித்தான் தெரியும்.

பயாப்சி எடுத்தார்கள். புண்ணின் ஓரத்திலிருந்து மிளகு அளவு சதையை வெட்டி, நுண்ணோக்கியில் பார்க்க அனுப்புவது. மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. முடிவு வரும்வரை பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மைனி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கடைக்குப் போய் வந்தார்.

முடிவைச் சொல்லும்போது வீட்டுக்காரரும் கூட இருந்தார். பேராசிரியர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே மலையாளத்தில் சொன்னார். மலையாளத்தில் புற்றுநோய்க்கு அர்புதம் என்பார்கள். பிறந்ததிலிருந்து மலையாளம் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்த நேரத்தில் அது என் காதில் அற்புதம் என்றுதான் விழுந்தது. ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் புரிந்தது.

காகிதத்தில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று இருந்தது. வாயின் உள்தோலில் ஓடு வேய்ந்தது போலத் தட்டையான அணுக்கள் இருக்கும். அவற்றில் தொடங்குகிற புற்றுக்கு அந்தப் பெயர். வெற்றிலை புகையிலை போடுகிறவர்களுக்கு வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் வெறும் பாக்குகூடப் போட்டதில்லை.

நகரத்தில் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாறசாலையில் ரயில் ஏறி, இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். அங்கே காத்திருப்பதுதான் பாதி வைத்தியம். கார்டு போட ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒன்று, ஸ்கேனுக்குத் தேதி வாங்க ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முதலில் முயன்றேன். தாடை இல்லாதவர்கள், மூக்கில் குழாய் சொருகியவர்கள். நானும் இப்படி ஆவேனா என்று நினைப்பேன். அவர்களோ என்னைப் பார்த்துச் சாதாரணமாகத் தலையசைப்பார்கள்.

அறுவை டாக்டர் என் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு நாக்கை வரைந்தார். இடது பாதியில் பெரும்பகுதியைக் கோடு போட்டுக் காட்டினார். அது போகும். கழுத்தில் இடது பக்க நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள், ஏனென்றால் நோய் அந்த வழியாகத்தான் பரவும். வெட்டிய இடத்தை மூட, முன்கையிலிருந்து தோலும் ரத்தக்குழாயும் எடுத்து நாக்கில் தைப்பார்கள். முன்கையில் ஏற்படும் பள்ளத்தைத் தொடைத் தோலால் மூடுவார்கள்.

"என்ன வேலை?" என்று கேட்டார்.

"டீச்சர். தமிழ் சொல்லிக் கொடுக்கேன்."

அவர் பேனாவை மூடினார்.

"பேச வருமா டாக்டர்?"

"வரும். பழைய போலெ அல்ல" என்றார்.

அந்தப் பல்லால்தான் வந்ததா என்றும் கேட்டேன். திரும்பத் திரும்பக் காயம் பட்டது ஒரு காரணமாக இருக்கலாம், அதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, காரணமே தெரியாமலும் வரும் என்றார். முன்பே வந்திருந்தால் கொஞ்சமாக வெட்டியிருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நான் வந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஓணம் களியட்டும்னு சொன்னது நானாக்கும்" என்றார்.

"ரெண்டு பேரும் சேந்துதானே சொன்னோம். எந்திரிங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன்.

செலவுக்கு ஆஸ்பத்திரியின் ஏழைநோயாளி நிதியிலிருந்து கொஞ்சம் கிடைத்தது. மைனி தான் கட்டிவந்த சீட்டுப் பணத்தைப் பாதியில் எடுத்துக் கொடுத்தார். கடை முதலாளி வட்டி இல்லாமல் முன்பணம் தந்தார். கேப்பின் விலையை எத்தனை முறை பெருக்கினால் இது வரும் என்று நான் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் படுத்திருக்க முடியாது.

அறுவைக்கு முந்தின நாள் வார்டில் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் சுபைதா. காட்டாக்கடைச் சந்தைப் பக்கம் சாயாக்கடை வைத்திருப்பவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கு நாக்கின் கீழே, வாயின் அடித்தளத்தில் புற்று. பல்லெல்லாம் போனதும், டாக்டரிடம் போனால் காசு அதிகம் என்று, பல் செட் செய்கிற ஒருவரிடம் மலிவாக ஒரு செட் வாங்கியிருக்கிறாள். செய்தவர் பல் வைத்தியம் படிக்காத ஆள், சரியாக அளவெடுக்கவில்லை. செட் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. வெற்றிலை புகையிலையும் போடுவாளாம், இளவயதிலிருந்தே.

அவள் மலையாளத்தில் பேசினாள், நான் தமிழில் பேசினேன். எங்களுக்கு அது புதிதில்லை.

"ஆ செட்டு எனிக்கு நல்ல பங்கியாயிருந்நு டீச்சரே" என்று சிரித்தாள். அந்தப் பல் செட்டில் தான் அழகாக இருந்ததாகச் சொன்னாள். கடைக்கு வருகிறவர்களெல்லாம் இவளுக்கு வயது குறைந்துவிட்டது என்றார்களாம். வலித்தால் சொல்ல வெட்கமாக இருந்ததாம், காசு கொடுத்து வாங்கியாயிற்றே.

கணீரென்ற குரல் அவளுக்கு. சந்தை இரைச்சலில் "ரெண்டு சாயா" என்று கூவிப் பழகிய குரல். அன்று சாயங்காலம் முழுக்கப் பேசினோம். அவளுடைய மகன் அன்சார் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறான் என்றாள். அவனுக்குச் சாயா ஆற்றத் தெரியாது, வெள்ளமாக, வெறும் தண்ணீராக இருக்கும் என்று குறை சொன்னாள். நான் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் மலையாளமும் பள்ளியில் தமிழுமாக வளர்கிற பிள்ளைகள், தண்ணீர் குடித்தேன் என்பதை 'வெள்ளம் குடித்தேன்' என்று எழுதுகிறவர்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் இரண்டு பேருடைய பழைய குரலையும் நாங்கள் கேட்டுக்கொண்டது அந்த ஒரு சாயங்காலம்தான்.

அறுவையைப் பற்றி எனக்கு நினைவில்லை. விழித்தபோது குரல் இல்லை. வாய் வீங்கி மூச்சு அடைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தொண்டையில் ஒரு துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அந்த வழியாகத்தான். சளி சேர்ந்தால் நர்ஸ் வந்து ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பாள். அந்த நேரம் மூச்சு நின்றுபோகும். கண்ணைத் திறந்துகொண்டே செத்துப்போகிறோம் என்று தோன்றும். அது ஒவ்வொரு முறையும் முடிந்துவிடும் என்று உடம்புக்குத் தெரிய சில நாட்கள் ஆயின. மூக்கு வழியாக வயிற்றுக்கு இன்னொரு குழாய், சாப்பாடு அதில்.

வாய்க்குள் என் கைத்தோல் இருந்தது. அதைப் பழகுவது கடினம். நாக்கை அசைக்க நினைப்பேன், ஏதோ ஒரு பொருள் அங்கே அசையாமல் கிடக்கும். என்னுடையதுதான், ஆனால் எனக்குக் கீழ்ப்படியாதது.

பேச முடியாததால் எழுதித்தான் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் மலையாள மீடியத்தில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. இத்தனை வருஷம் தமிழிலேயே பேசி வாழ்ந்த மனிதரிடம் முதல் முறையாக மலையாளத்தில் எழுதிக் காட்டினேன். 'சாப்பிட்டீங்களா' என்பதை மலையாளத்தில் எழுதியதும் யாரோ ஒரு அந்நியரிடம் கேட்பது மாதிரி இருந்தது. அவர் வாசித்துவிட்டு, "ம், தின்னேன்" என்றார். தின்னவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சுபைதா மறுபடி பக்கத்துக் கட்டிலுக்கு வந்தாள். அவளுக்கும் தொண்டையில் துளை. தாடையில் ஒரு துண்டும் போயிருந்தது. அவளுக்கு எழுத வராது. கட்டில் கம்பியை விரலால் தட்டி என்னைக் கூப்பிடுவாள். நான் திரும்பினால் கையைக் காட்டுவாள். சில நேரம் அதற்கு ஒரு அர்த்தமும் இருக்காது, இருக்கிறாயா என்று பார்ப்பது மட்டும்.

ஒருநாள் காலையில் அன்சார் பிளாஸ்கில் சாயா கொண்டுவந்தான். நர்ஸிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஆற வைத்து வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து உம்மாவின் மூக்குக் குழாய் வழியாக விட்டான். சுபைதா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்து மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அவனுக்குப் புரிந்தது. மிச்சச் சாயாவைக் கிளாஸில் ஊற்றி மூக்கின் அருகில் பிடித்தான். அவள் முகத்தை முன்னே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். மூச்சு தொண்டைத் துளை வழியாகப் போகும்போது மூக்குக்கு எந்த மணமும் கிடைக்காது. அவள் அதை அன்றுதான் அறிந்தாள். அன்சார் கிளாஸைப் பிடித்தபடி நின்றான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

குழாய் எடுத்து, துளை மூடி, வீட்டுக்கு வந்த பிறகு கதிர்வீச்சு. அதற்கு முன்பு மோசமான பற்களையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். கதிர்பட்ட தாடையெலும்பில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாதாம். அந்த ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் எனக்கு நாலு பல் எடுத்தார்கள், உடைந்த அந்தக் கடைவாய்ப் பல்லையும் சேர்த்து. ஒரு காசும் வாங்கவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தபோதுதான், அத்தனை நாளில் முதல் தடவையாக, எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

கதிர்வீச்சுக்கு முகத்தின் அச்சில் ஒரு வலைமுகமூடி செய்து, தலை அசையாமல் மேசையோடு பூட்டுவார்கள். வலிக்காது. பிறகுதான் வலி. வாய்க்குள் தோல் உரிந்து, உமிழ்நீர் வற்றி, வெறும் தண்ணீர்கூட எரியும். தினமும் ரயிலில் போய் வந்தோம். வீட்டுக்காரர் இட்லியை ரசத்தில் போட்டு மிக்ஸியில் அடித்துக் கொடுப்பார். தானும் ஒரு கிளாஸ் அதையே குடிப்பார். "எனக்கும் இதாக்கும் இப்பம் பிடிக்குது" என்பார். மைனி வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டார், மணம் வந்து எனக்கு ஆசை வந்துவிடக் கூடாதென்று. எனக்கோ அந்த மணமாவது வேண்டும். எழுதிக் காட்டினேன். மைனிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அடுப்பில் எண்ணெய் வைத்து, கடுகும் கறிவேப்பிலையும் போட்டுவிட்டு, கொல்லைப்புறம் போய் நின்று அழுதார்.

பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ல, ல, ல. எனக்கு ல வரவில்லை. ள, ழ, ர, ற எதுவும் வரவில்லை. த, ட இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிள்ளைகளின் நாக்கை மடிக்கச் சொல்லி ழகரம் பழக்கியவள் நான்.

மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் என் பொருட்கள் சிலவற்றை எடுக்கப் போனேன். புத்தகம் வாங்க வந்திருந்த பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். முன் பெஞ்சில் உட்காரும் அபிநயாவிடம், லீவுக்கு எங்கே போனாய் என்று கேட்டேன்.

"என்ன டீச்சர்?"

மறுபடி கேட்டேன்.

"என்ன டீச்சர்?"

மூன்றாம் முறை கேட்டதும் அவள், "ஆமா டீச்சர்" என்று தலையை ஆட்டினாள். மற்றப் பிள்ளைகளும் ஆமா என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். ஜூன் இன்டர்வியூவுக்கு நான் போகவில்லை.

அதற்குப் பிறகு போனில் பேச எனக்கு இருந்தது சுபைதா மட்டும்தான்.

மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் கூப்பிடுவாள். நாக்கின் அடியும் தாடையில் ஒரு துண்டும் போனவள் பேசும் மலையாளம். பாதி நாக்கு போனவள் பேசும் தமிழ். நேரில் என்றால் கண்ணும் கையும் உதவும். போனில் ஒன்றும் கிடையாது. அவள் சொல்வதில் பத்தில் ஒரு சொல் எனக்குப் பிடிபடும். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனாலும் பேசுவோம். குரல் ஏறினால் கோபம், இறங்கினால் சலிப்பு, இடையில் ஒரு களகளப்பு வந்தால் சிரிக்கிறாள் என்று அர்த்தம். நானும் சிரிப்பேன்.

"என்ன சொல்லுகா?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

தெரியாது என்று கையை விரிப்பேன்.

"அப்பம் இவ்வளவு நேரம் என்னத்தயாக்கும் பேசினீங்க?"

எனக்கும் தெரியாது. ஆனால் வேறு யாரிடமும் பேசும்போது இருக்கிற கூச்சம் அவளிடம் இல்லை. புரிகிறதா என்று எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் கூப்பிட்டாள். அன்று சிரிப்பில்லை. ஒரே குரலில், நிதானமாக, நீளமாகச் சொன்னாள். இடையில் நிறுத்தி, மறுபடி அதையே முதலிலிருந்து சொன்னாள். 'கழுத்து' என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது போல இருந்தது, அதுவும் நிச்சயமில்லை. கடையில் ஏதோ தகராறாக இருக்கும், அன்சாரோடு சண்டையாக இருக்கும் என்று நினைத்தேன். "ஆமா, ஆமா, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவள் பெருமூச்சு விட்டாள். லேசாகிவிட்டது போல இருந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பிறகு அழைப்புகள் குறைந்தன. நான் கூப்பிட்டால் மணி அடித்து நிற்கும். கடையில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் பிசகாமல், தெளிவான ஒரு குரல் கேட்டது. அந்தத் தெளிவிலேயே அது சுபைதா இல்லை என்று தெரிந்தது.

"டீச்சரே, அன்சாராணு. உம்மா மரிச்சுபோயி."

வீட்டுக்காரர் போனை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எப்போது என்று கேட்டேன். கேட்டுவிட்டு, இவனுக்கு என்ன புரியும் என்று நினைத்தேன். நேற்று மத்தியானம் என்று அவன் பதில் சொன்னான். வலி இருந்ததா என்று கேட்டேன். கடைசியில் இல்லை, மருந்து கொடுத்து உறங்க வைத்திருந்தார்கள் என்றான். நான் கேட்கும் எல்லாமே அவனுக்குப் புரிந்தது. உம்மாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது.

நோய் திரும்ப வந்ததா என்று கேட்டேன். 

"உம்மா அன்னு டீச்சரோடு பறஞ்ஞில்லே?" என்றான், உம்மா அன்றைக்கே உங்களிடம் சொன்னாளே என்று. கழுத்தில் மறுபடி வந்துவிட்டது, இனி வெட்ட முடியாது என்று டாக்டர்கள் சொன்ன அன்றைக்கே உம்மா எனக்குத்தான் முதலில் போன் செய்தாளாம். வீட்டில் யாரிடம் சொன்னாலும் அழுதார்கள், டீச்சர் மட்டும்தான் அழாமல் முழுக்கக் கேட்டாள் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாளாம். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததாம்.

ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது?

அவன் பின்னால் ஆட்கள் நடமாடும் சத்தமும் நாற்காலிகளை அடுக்கும் சத்தமும் கேட்டன. போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அப்போது நான் பேசத் தொடங்கினேன். அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் உம்மா என்னிடம் பேசியதைச் சொன்னேன். அவள் குரல் எப்படிக் கணீரென்று இருந்தது என்று சொன்னேன். பல் செட்டில் தான் அழகாக இருந்ததைச் சொல்லிச் சிரித்ததையும், அவனுக்குச் சாயா ஆற்றத் தெரியாது என்று குறை சொன்னதையும் சொன்னேன். ல இல்லாமல், ர இல்லாமல், ழ இல்லாமல், இருக்கிற நாக்கை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"பின்னே?" என்று கேட்டான் அன்சார். "பின்னே என்து பறஞ்ஞு உம்மா?"

நான் சொல்லிக்கொண்டே போனேன்.